ஆர்லோவின் துப்பாக்கி

முன்னாள் ராணுவ வீரர்களின் அடக்கத்தில் வெற்றுத் தோட்டா சுடும் எங்கள் அமெரிக்க அயோவா மாநிலக் குழுவில், ஆர்லோவின் பழைய துப்பாக்கி மட்டும் வெடிக்காது. தோட்டாவின் அடியில் சுடும் ஊசியின் தடம் லேசாகத்தான் பதிந்திருக்கும்.

குழுவின் துப்பாக்கிகளைப் பழுதுபார்ப்பவன் நான்; ஊசியையும் சுருள்வில்லையும் மாற்றினேன். என்மேலேயே சந்தேகப்பட்டு மறுபடியும் சோதித்தேன். என் கையில் ஒவ்வொரு முறையும் வெடித்தது.

“பெரியவரே, போல்ட்டைப் பின்னால இழுத்ததும் விட்டுடுங்க, தானா அறைஞ்சு தோட்டாவை உள்ளே தள்ளி மூடிக்கும். நீங்க பிடிச்சு மெதுவா விடுறீங்க, அதான் முழுசா மூடல.”

“தெரியும்டா. வரிசையிலேர்ந்து மட்டும் என்னைத் தூக்கிடாதே.”

தூக்கினேன்.

இன்று குடும்பத்தாருக்கு அருகிலுள்ள அவருடைய இடத்தில் அவர் துப்பாக்கியோடு நான் நின்றேன். போல்ட் அறைந்து மூடியது. மூன்று முறையும் பிசகாமல் வெடித்தது.

மடித்துக் கொடுத்த தேசியக் கொடியை மடியில் வைத்திருந்த ஆர்லோவின் மனைவி வெர்னா என்னைக் கூப்பிட்டார்.

“எங்க பையன் அடக்கத்துல போல்ட் அறைஞ்ச சத்தத்துக்கே நான் துடிச்சுப் போனேன். அதுக்கப்புறம் எந்த அம்மா பக்கத்துலயும் ஆர்லோ அதை அறைய விட்டதில்ல. இன்னிக்கு அவரோட அடக்கத்துல நல்லாவே வெடிச்சுது, தம்பி.”