பொட்டு கேட்ட சத்தம்

கரீபியன் தீவொன்றில் கப்பல் நின்றதும், தர்மினி தன் சின்ன நாய் பொட்டுவோடும் கணவன் குகதாசனோடும் கரையிறங்கினாள். ஒரு காய்ச்சலில் அவளுக்குக் காது போய்ப் பல வருடங்கள். கதவு தட்டினாலும் அடுப்பில் கேத்தில் கொதித்துக் கூவினாலும் முன்னங்காலால் அவளைத் தொட்டுச் சொல்லப் பழகியது பொட்டு. ஆளில்லாத கரையில், வயிறு நனைய அலையில் நின்ற பொட்டு அவள் காலைத் தொட்டது. திரும்பிப் பார்த்தாள், யாருமில்லை. மறுபடியும் தொட்டுவிட்டுக் கடலையே பார்த்தது.

"என்னப்பா சத்தம்?"

குகதாசன் காதுகொடுத்துக் கேட்டான். அவள் வாயசைவைப் படிக்கும்படி மெதுவாகச் சொன்னான்: "ஒண்டுமில்லையப்பா. அலைதான்."

பொட்டு ஒருநாளும் வீணுக்குத் தொட்டதில்லை. அவள் கழுத்தளவு நீருக்குப் போய்த் தலையை அமிழ்த்தினாள். நெஞ்செலும்பு அதிர்ந்தது. அந்த அதிர்வு தாழ்ந்து, நீண்டு, மெல்ல மேலேறி ஓய்ந்து, திரும்பவும் தொடங்கியது. உடம்பு முழுக்க ஒரு பாட்டு நிறைந்தது. மூச்சுக்காக எழுந்தபோது, தூரத்தில் ஒரு திமிங்கிலத்தின் கருத்த முதுகு மேலெழுந்து, நீரைப் பீய்ச்சிவிட்டு அமிழ்வதைக் கண்டாள்.

கரையிலிருந்து குகதாசன் கப்பலைக் காட்டி, நேரமாகிறதென்று கையசைத்தான்.

"நீங்களும் வாங்கோ," என்றாள். "காதைத் தண்ணிக்குள்ள வையுங்கோ."

அவன் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், பொட்டுவைத் தூக்கிக்கொண்டு கடலில் இறங்கினான்.