முதல் வரிசை சீட்டு

“இது என்னங்க?”

கோவை விமான நிலையத்தில் டிக்கெட் சரிபார்க்கும் பெண், புவனா நீட்டிய மஞ்சள் தடவிய தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“பையனோட ஜாதகமுங்க. குழந்தைக்கு வயசு தெரியணும்னீங்களே? பொறந்த நேரம், நட்சத்திரம், எல்லாம் சுத்தமா இருக்குதுங்க.”

வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

“நட்சத்திரம் வேண்டாங்க. ரெண்டு வயசு ஆகாம இருந்தாத்தான் மடியில வெச்சுக் கூட்டிட்டுப் போக முடியும். அதுக்குப் பிறப்புச் சான்றிதழ் வேணுங்க. போன்ல போட்டோவா இருந்தாலும் போதும்.”

புவனா ஜாதகத்தை மடித்துப் பையில் திணித்தாள். இடுப்பில் நவநீத் நெளிந்தான். பக்கத்தில் ரித்திகா தன் மகன் கவினின் சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கையிலேயே பிடித்திருந்தாள்.

ரித்திகா, புவனாவின் கொழுந்தன் மனைவி. ‘என்னென்ன கொண்டு வரணும்னு நேத்தே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?’ என்று புவனாவுக்கு ஆற்றாமையாக வந்தது. ஆனால் பேச்சுவார்த்தை இருந்தால்தானே சொல்வதற்கு?

புவனா ஒரு தூணோரம் ஒதுங்கி வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள்.

“ஏனுங்க, பீரோவுல நடுத்தட்டுல பாருங்க. பச்சைக் கவருங்க… ஐயோ, அது கேஸ் புக்குங்க! அதுக்கு அடியில!”

ஒருவழியாகப் போட்டோ வந்து சேர்ந்தது. ஓட்டமும் நடையுமாகத் திரும்பியபோது, ரித்திகா அந்தப் பெண்ணிடம் சொன்னது காதில் விழுந்தது.

“அப்பச் சரிங்க. எங்க ரெண்டு பேரையும் தள்ளித் தள்ளியே போட்டுருங்க.”

புவனா அப்படியே நின்றுவிட்டாள்.

மும்பையில் நாத்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசம். ஆண்கள் பின்னால் வருவதாக ஏற்பாடு. பேசாமல் இருக்கும் இருவரையும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைத்தால் பேசிக்கொள்வார்கள் என்று அண்ணனும் தம்பியும் கலந்து பேசிப் போட்ட டிக்கெட் இது. புவனாவும், விமானம் கிளம்பியதும் நாமே முதலில் வாயைத் திறந்துவிடுவது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள்.

இவளானால் தள்ளி உட்கார வைக்கச் சொல்கிறாள்!

சீட்டுகள் கைக்கு வந்தன. புவனாவுக்கு முதல் வரிசை. ரித்திகாவுக்குக் கடைசி வரிசை.

உள்ளே போய்க் காத்திருக்கும்போதும் நாலு நாற்காலி தள்ளித்தான் உட்கார்ந்தார்கள். ரித்திகா கவினுக்குப் பால் கலக்கிக்கொண்டிருந்தாள். புவனா பார்க்காத மாதிரி பார்த்தாள்.

துடியலூர் வீட்டில் ரித்திகா மருமகளாக வந்து இறங்கிய புதிதில் சோறு வடிக்கக்கூடத் தெரியாது. “அக்கா, அக்கா” என்று புவனாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டே திரிவாள். ஆம்பளைகள் சாப்பிட்டுப் போனபின் இருவரும் அடுக்களையிலேயே உட்கார்ந்து ரசச் சட்டியில் சோற்றைப் போட்டுப் பிசைந்து, ஆளுக்கொரு வாயாகத் தின்பார்கள். சேலை எடுக்க ஈரோடு போனால் அவிநாசி தாண்டுவதற்குள் ரித்திகா புவனாவின் தோளில் தூங்கிப் போவாள். தோள் மரத்துப் போகும். எழுப்ப மனசு வராது.

அப்புறம் ஒரு மாரியம்மன் நோம்பிக்கு, யார் பிறந்த வீட்டுச் சீர் பெரிது என்று வந்த பேச்சில் அடுப்பு ரெண்டாகிப் போனது. அந்த ரசச் சட்டி யார் பங்குக்குப் போனதென்றுகூட இப்போது நினைவில்லை.

போன் அடித்தது. வீட்டுக்காரர்தான்.

“என்ன புவனா, ரெண்டு பேரும் பேசிட்டீங்களா?”

“பேசறதா? உங்க தம்பி பொண்டாட்டி எம் பக்கத்துல உக்காரவே மாட்டேன்னு கேட்டு வாங்கிட்டு நிக்கறா. போகட்டும். கடைசி வரிசையில, கக்கூஸ் பக்கத்துல மூக்கைப் பொத்திட்டே மும்பை வரைக்கும் வரட்டும். எனக்கென்ன, முதல் வரிசை! மகராணியாட்டம் காலை நீட்டிட்டுப் போறேன்.”

நாலு நாற்காலி தள்ளிக் கேட்கட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னாள். ரித்திகா நிமிரவே இல்லை. கவினின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கைக்குழந்தைக்காரர்கள் முதலில் வரலாம் என்று அறிவித்தார்கள். ரித்திகா முன்னால் போய்விட்டாள். வாசலில் சீட்டு கிழிக்க நின்றது அதே பெண்.

புவனாவால் வாயை அடக்க முடியவில்லை.

“அவ கேட்டபடியே எங்களைப் பிரிச்சுப் போட்டுட்டீங்க. ரொம்பச் சந்தோசமுங்க.”

அந்தப் பெண் திகைத்துப் போனாள்.

“அவங்களா கேட்டாங்க? நாந்தாங்க முடியாதுன்னேன். ஒரு வரிசைக்கு ஒரு கைக்குழந்தையைத்தான் உடுவோம். ஆபத்துன்னா மேலிருந்து விழுகிற ஆக்சிஜன் மாஸ்க் அந்த வரிசைக்கு ஒண்ணுதான் கூடுதலா இருக்கும். ஒருத்தர் மாறித்தான் ஆகணும், கடைசியில மட்டுந்தான் இடம் இருக்குதுன்னு சொன்னேன். அவங்க உடவே இல்லீங்க. எப்படியாச்சும் பக்கத்துலயே போடுங்கன்னு கெஞ்சுனாங்க. நடக்காதுன்னு தெரிஞ்சதும், ‘எங்கக்காவுக்கு இடுப்பு முடியாதுங்க, கால் நீட்ட இடமிருக்கிற முன் சீட்டை அவங்களுக்குக் குடுங்க’ன்னுட்டு, பின்னால இருக்கறதை அவங்க வாங்கிட்டாங்க.”

புவனா, ரித்திகா போன திசையைப் பார்த்தாள்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலீங்களே அம்மணி…”

“உங்ககிட்டச் சொல்லவே கூடாதுன்னுட்டாங்க. ‘தெரிஞ்சா எங்கக்கா முன் சீட்டை எனக்குக் குடுத்துப்போட்டு, அவங்க பின்னால போய் உக்காந்துக்குவாங்க’ன்னு.”