வெயிலில் ஓடும் வைப்பர்

காலியான கார் நிறுத்தத்தில் வெயில் கொளுத்துகிறது. ஊரிலிருந்து வந்திருக்கும் நாத்தனாருக்கு அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து கார் ஓட்டி நிறுத்தப் பழக்குகிறாள். நாத்தனார், திரும்பும் விளக்கைப் போடுகிறேனென்று, பழைய கைப்பழக்கத்தில் மறுபடியும் வைப்பரைத் தட்டிவிடுகிறாள். இந்த நாட்டுக் காரில் எல்லாம் இடம் மாறிக் கிடக்கிறது. காய்ந்த கண்ணாடியை வைப்பர் கரகரவென்று பிராண்டுகிறது. அண்ணி கல்யாணமாகி வந்த புதிதில், அவள் கழுவி வைத்த பாத்திரங்களை எல்லார் முன்னாலும் மோந்து பார்த்து, "இன்னொரு தடவை கழுவுங்க அண்ணி" என்று தொட்டியில் திருப்பிப் போட்டவள் இவள்தான். "வெயில் தாங்கல அண்ணி, இன்னைக்குப் போதுமே." "சுத்திட்டு வாம்மா." இம்முறை விளக்கு டிக் டிக்கென்று சரியாகத் துடிக்கிறது. இரண்டு வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே கார் இம்மி பிசகாமல் நிற்கிறது. நாத்தனார் முகமெல்லாம் பல்லாகத் திரும்புகிறாள். அண்ணி கதவைத் திறந்து, குனிந்து, கோட்டை நிதானமாகப் பார்க்கிறாள். பிறகு தேனொழுகச் சொல்கிறாள்: "இன்னொரு தடவை, கண்ணு."