பிரசாதம் தபாலில்

மாத்தளைக் கோயில் அலுவலகத்தில் பிரதீபா செய்து வைத்த ஏற்பாடு அது. வெளிநாட்டில் இருப்பவர்கள் இணையத்தில் அர்ச்சனைக்குப் பதிந்தால், வெப்ஹூக் என்ற இணைய இணைப்பு வழியாகத் தகவல் தானாகவே ஏஐ உதவியாளருக்கு வந்துவிடும். அது பெயரையும் நட்சத்திரத்தையும் ஐயருக்குக் கேட்கும்படி ஒலிபெருக்கியில் வாசிக்கும். "பிரசாதம் தபாலில்" என்று முடிக்கும்.

சில நாட்களாகக் காலைப் பூசையில் ஒரு பெயர் கூடுதலாக வந்தது.

"உதயராஜ், ரோகிணி நட்சத்திரம். பிரசாதம் தபாலில்."

"தாயி, இது ஒங்க வீட்டுக்காரர் பேராச்சே?" என்றார் ஐயர்.

"ஆமா சாமி. தேடிப் பார்த்துட்டேன். யாருமே பதியல."

"செத்தவங்க பேருக்கு அர்ச்சனை பண்ணக் கூடாதும்மா."

"தெரியும் சாமி. கருமாதிக்கு நாள் குறிச்சதே நீங்கதானே?"

வேலைக்குப் போன உதயராஜ் கட்டாரிலிருந்து ஆணியடித்த பெட்டியில்தான் வந்திருந்தார். திறக்கக் கூடாது என்று சொல்லித்தான் தந்திருந்தார்கள்.

ஐயர் கேட்ட அன்றே பிரதீபா அந்த வெப்ஹூக்கை அழித்தாள். மற்றப் பதிவுகள் எல்லாம் நின்றுபோயின. மறுநாள் அந்த ஒரு பெயர் மட்டும் வந்தது.

"எனக்கு அலுத்துப் போச்சு சாமி. பண்ணிருங்க."

"பாவம் வந்து சேரும்மா."

"பெட்டியத் தொறந்து யார் பார்த்தா?"

ஐயர் சன்னதிக்குள் போனார். உதயராஜின் பெயரைச் சொல்லி அர்ச்சனையை முடித்தார். பிரதீபா திருநீற்றையும் பூவையும் வழக்கம்போல் உறையில் போட்டு ஒட்டினாள். பேனாவை எடுத்துக்கொண்டு உதவியாளரிடம் கேட்டாள்:

"எந்த விலாசத்துக்கு அனுப்ப?"

"தபால் வேண்டாம்," என்றது ஒலிபெருக்கி. "நேரில் வந்து பெற்றுக்கொள்வார்."