பழைய ராடாரைப் பார்க்க வந்தவர்

"இன்னிக்கு ஒரு நாள் மட்டும் அதைத் தொடாதீங்க மேடம். விழுந்தா விழட்டும்!"

சொன்னவர் ராடார் அறையின் மூத்த டெக்னீஷியன். காலையில் உள்ளே நுழைந்ததுமே இன்று எந்தப் பெட்டி மக்கர் பண்ணும் என்று சொல்லிவிடுவார். அது பலித்தும் தொலைக்கும். அதனால் விமான நிலையம் முழுக்க அவருக்கு 'ஜோசியர்' என்றே பெயர்.

"நானா அதைப் பிடிச்சுக்கிட்டிருக்கேன்? அதுதான் என்னை விடமாட்டேங்குது" என்றாள் பொறியாளர். நாள் தொடங்கும் முன்பே அவளுக்கு அலுத்துப் போயிருந்தது.

எட்டு வருஷமாக இந்தக் கிழட்டு ராடாருக்கு வைத்தியம் பார்ப்பது அவள்தான். உதிரி பாகம் கேட்டால், "இன்னுமா அதை வெச்சிருக்கீங்க?" என்று அதைச் செய்த கம்பெனிக்காரர்களே சிரிக்கிறார்கள். கணவரும் மகளும் வேறு ஊரில் இருந்தார்கள். மாற்றல் கேட்கும்போதெல்லாம் இயக்குநர் ஒரே பாட்டைத்தான் பாடினார். "இதை ஓட்ட உங்களை விட்டா ஆள் இல்லம்மா. புதுசு வரட்டும், மறுநாளே வீட்டுக்கு அனுப்பி வைக்கிறேன்."

அந்த விடிவு இன்றைக்கு வரும் போலிருந்தது. பழைய ராடார் விஷயமாக ஓர் அதிகாரி வருகிறார், எல்லாவற்றையும் காட்டுங்கள் என்று தலைமை அலுவலகத்திலிருந்து சொல்லியிருந்தார்கள்.

"பார்த்ததும் 'இது தேறாது'ன்னு அவர் வாயால சொல்லணும். நீங்க கையைக் கட்டிக்கிட்டு நின்னாப் போதும்" என்றார் ஜோசியர்.

அவள் கைபேசி அடித்தது. மகள்.

"அம்மா, போன தடவை வந்தப்ப என் ரப்பரை எடுத்துட்டுப் போயிட்டியா?"

"ஆமாடா. ஒரு வேலைக்கு வேண்டியிருந்துச்சு."

"உன் ஆபீஸ்ல ஒரு ரப்பர்கூட இல்லையா? எனக்கு அது வேணும்."

"சீக்கிரமே நானே கொண்டு வரேன். வந்தா அப்புறம் திரும்பிப் போக மாட்டேன்."

சொல்லி முடித்ததும், குழந்தைக்கு வாக்குக் கொடுத்துவிட்டோமே என்று பயமாக இருந்தது.

அதிகாரி வந்தார். தடித்த கம்பளிக் கோட்டு, தூக்கம் கெட்ட முகம். ஜோசியர், பிடிக்காத சம்பந்தியைப் பற்றிச் சொல்வதுபோல் ராடாரின் குறைகளை அடுக்க ஆரம்பித்தார்.

"இந்த ஃபேன் சுத்தறதே பெரிய விஷயம் சார். அந்தப் பெட்டி மழை வந்தா படுத்துக்கும். மேல ஆன்டெனா திரும்பறப்போ வர்ற முனகலைக் கேளுங்க."

அதிகாரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஆனால் கேள்விகளை அவளிடம்தான் கேட்டார்.

"நீங்க லீவுல போனா இதை யாரும்மா பார்த்துக்கறாங்க?"

"போனாத்தானே சார்!"

"ரூம் இவ்வளவு சில்லுன்னு இருக்கே, குளிர் உங்களுக்கு ஒத்துக்குதா?"

"பழகிப் போச்சு சார்."

மேசைத் தொலைபேசி அலறியது. கட்டுப்பாட்டு அறையிலிருந்து. "மேடம், உங்க ராடார் படம் போச்சு!"

ஜோசியருக்கு வாயெல்லாம் பல். "பார்த்தீங்களா சார்!" என்றவர், அவள் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "அசையாதீங்க மேடம். இன்னொரு ராடார்தான் ஓடுதே."

உண்மைதான். அந்த இன்னொன்று விமானத்தைக் கேள்வி கேட்கும், விமானத்திலுள்ள கருவி பதில் சொல்லும். பழசுக்குப் பதிலே வேண்டாம், விமானத்தில் பட்டுத் திரும்பும் அலையே போதும். அவள் கைகளைக் கட்டிக்கொண்டாள். மகளின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது.

மறுபடி தொலைபேசி. "மேடம், சின்னப் பயிற்சி விமானம் ஒண்ணு மேகத்துக்குள்ள இருக்கு. அதோட பதில் சொல்ற கருவி கெட்டுப் போச்சு. இந்தப் பழசு மட்டும்தான் அதைக் காட்டும். பின்னாலயே பெரிய விமானம் வருது, சீக்கிரம்!"

கட்டிய கை தானாக அவிழ்ந்தது. மூன்றாவது பெட்டியைத் திறந்து ஒரு சர்க்யூட் கார்டை உருவினாள். கைப்பையிலிருந்து மகளின் ரப்பரை எடுத்து, கார்டின் கறுத்துப்போன செப்பு விளிம்பைப் பரபரவென்று தேய்த்தாள். திரும்பச் செருகி, பெட்டியின் விலாவில் உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

"வந்துடுச்சு மேடம்! ரெண்டும் தெரியுது. விலக்கி விட்டுட்டோம்" என்றது தொலைபேசி.

அவள் பெட்டியின் கதவைச் சாத்தினாள். ரப்பர் நழுவிக் கீழே விழுந்தது. ஜோசியர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"சார், ஓடுதேன்னு விட்டுட்டுப் போயிடாதீங்க. சாயங்காலமே மறுபடி நின்னுடும். தயவுசெஞ்சு புதுசு கொடுக்கச் சொல்லுங்க" என்றாள். "எனக்கு வீட்டுக்குப் போகணும் சார்."

அதிகாரி அவளை வியப்பாகப் பார்த்தார். "புதுசு போன வாரமே சாங்ஷன் ஆயிடுச்சேம்மா. உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

ஜோசியர் துள்ளி எழுந்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். எட்டு வருஷத்துப் பாரம் இறங்கினாற்போல் இருந்தது.

"அப்போ இந்தக் கிழத்தைப் பார்க்க எதுக்கு சார் இவ்வளவு தூரம் வந்தீங்க?"

"இதை மலை மேல இருக்கற எங்க ஏர்போர்ட்டுக்குக் கொடுத்துட்டாங்க. நான் மெஷினைப் பார்க்க வரலம்மா, அதோட யாரை அனுப்பச் சொல்லிக் கேக்கலாம்னு பார்க்கத்தான் வந்தேன்" என்றபடி அதிகாரி குனிந்து, கீழே கிடந்த ரப்பரை எடுத்து அவள் கையில் வைத்தார். "கம்பளி எங்ககிட்ட இருக்கு. வரும்போது இதை மட்டும் மறந்துடாதீங்க."