ஏந்திய கை

மறுநாள் தஞ்சாவூரில் ஓவிய ஆசிரியர் தேர்வு. மனிதக் கை வரையச் சொல்வார்கள். விலங்கியல் படித்த எனக்குத் தவளையின் கால்தான் வரைய வரும். வேலை கிடைத்தால் அம்மா நடவுக்குப் போக வேண்டாம்.

அம்மா வலது கையை முழங்காலில் கவிழ்த்து வைத்து உட்கார்ந்தாள். பார்த்துத்தான் வரைந்தேன். தாளில் இரண்டு கைகள் சேர்ந்து ஏந்தியிருந்தன. அழித்துவிட்டு வரைந்தேன். மறுபடியும் ஏந்தின.

எட்டிப் பார்த்த அம்மாவின் முகம் கோணியது.

“பண்ணை வீட்டுக் கொல்லையில நாங்க தண்ணி குடிச்ச கைடி இது. சொம்பு தீட்டாயிடும்னு மாட்டுத் தொட்டித் தண்ணிய ஒசரத்துலேர்ந்து ஊத்துவாங்க. சங்கம் வச்சுல்ல அத நிறுத்துனோம்? பி.எஸ்சி. படிச்சுட்டு இதத்தான் வரையிறியா? த்தூ!”

“நான் வரையலம்மா.”

“பின்ன, பண்ணையாரா வந்து வரைஞ்சாரு?”

வரைந்த உள்ளங்கையில் தாள் நனைந்திருந்தது. மாட்டுத் தொட்டியின் புளித்த வாடை அடித்தது. ஈரத்தில் ஒரு கொசுப்புழு நெளிந்தது. தாளைக் கசக்கிச் சாக்கடையில் எறிந்தேன்.

“இத வரை” என்று அம்மா விரல்களை இறுக மடக்கிக் காட்டினாள்.

புதுத் தாளில் முஷ்டி முதல் தடவையே சரியாக வந்தது. கணுவும் நகமும் நரம்பும் அம்மாவுடையவை.

“இதுதான் என் கை. நாளைக்கும் இதையே வரைஞ்சுட்டு வா.”

பென்சில் சீவக் குனிந்தேன். மடியில் சில்லென்றது. வரைந்த முஷ்டியின் விரலிடுக்குகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதே புளித்த வாடை.

அம்மா தன் கையை அதன்மேல் வைத்து அழுத்தினாள். அவள் விரலிடுக்குகளிலும் சொட்டியது.