எண்பது வாங்கினால் கேட் திறக்கும்

சிவில் இன்ஜினியரிங் மூன்றாமாண்டு மாணவி ஜெசிந்தா காலையிலிருந்து விடுப்புக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள். மாணவர்கள் எழுதிப் பழகட்டும் என்று கல்லூரி கொண்டுவந்த செயலி எண்பது மதிப்பெண் போட்டால்தான் விடுதி கேட் திறக்கும்.

‘அப்பா இறந்துவிட்டார். மாலை நான்கு மணிக்கு அடக்கம்.’

முப்பத்தொன்று. ‘இந்தக் காரணம் இந்தப் பருவத்தில் 214 முறை வந்துவிட்டது. புதிதாக எழுதவும்.’

“நெஜமாவே எங்கப்பா செத்துட்டாரு, மேடம்!”

“எனக்குத் தெரியுதும்மா. கேட்டுக்குத் தெரியணுமே,” என்றார் வார்டன். “வேற மாதிரி எழுதிப் பாரேன்.”

மணி இரண்டு. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினாள்: ‘அப்பா புது வலை வாங்கியிருக்கிறார். நான் வந்து தொட்டுக் கொடுத்தால்தான் கடலுக்குப் போவேன் என்று கரையில் உட்கார்ந்திருக்கிறார்.’

தொண்ணூற்றாறு. ‘உண்மை நெஞ்சைத் தொடுகிறது. வாழ்த்துகள்!’

கேட் திறந்தது. ஜெசிந்தா அந்தக் கடிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.